பெரிய ஐயாவின் இடது கண்

கேட்ட கோப்பு கேட்டவுடன் கைக்கு வர வேண்டும் என்பதில் உலகத்தில் யாருக்கும் ஆட்சேபணை இருக்க முடியாது. நகர அலுவலகத்தின் பெரிய ஐயாவுக்கும் இல்லை. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பெரிய ஐயா ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்தார். பதவியில் இருப்பவர்கள் முகாமுக்குப் போய்த் திரும்பினால், கீழே இருப்பவர்கள் கொஞ்ச நாள் சுவரோரமாக நடப்பது நல்லது. அந்த முகாமில் யாரோ ஒரு புண்ணியவான், "மேசைமேல் இருப்பது உடனே கிடைக்கும், இழுப்பறைக்குள் இருப்பது கிடைக்காது" என்று சொல்லித் தொலைத்திருக்கிறார். பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் ஏசி அறையில் மைக் வைத்துச் சொன்னால் அது தத்துவமாகிவிடுகிறது. ஐயா திரும்பி வந்த கையோடு ஆணை பிறந்தது:

"பொதுமக்கள் நலன் கருதியும், விரைவு அணுகலை முன்னிட்டும், இவ்வலுவலகக் கணினியில் உள்ள கோப்புகள் யாவும் இனி எந்த உறைக்குள்ளும் எந்தப் பிரிவுக்குள்ளும் ஒளிந்திராமல் முகப்புத் திரையிலேயே இருத்தல் வேண்டும்."

ஒளிந்திராமல் என்ற வார்த்தையைப் படித்ததும் அலுவலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. இத்தனை வருஷமாக இந்தக் கோப்புகள் நம்மிடமிருந்து ஒளிந்துகொண்டா இருந்தன என்று எல்லாருக்கும் கோபம் வந்தது. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிற எழுத்தருக்குத்தான் கோபம் அதிகம். நாள் முழுக்க ஆளைப் பார்க்காமல் திரையையே பார்த்துப் பேசுவதால் ஜனங்கள் அவருக்கு வைத்த பேர் திரைக்காரர். தண்ணீர்க் குழாய் தனியாக, சாக்கடை தனியாக, கடைகள் தனியாக என்று அதுவரை அடுக்கி வைத்திருந்தவரும் அவர்தான். அடுக்கிய கையாலேயே எல்லாவற்றையும் பிடித்து இழுத்து வெளியே போட்டார். அழுக்கு மூட்டையை அவிழ்த்துக் கொட்டின மாதிரி திரை நிறைந்தது. இடம் போதாமல் ஒன்றின் தலையில் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டது.

"எல்லாம் கண்ணு முன்னாடி இருக்கு பாருங்க. இதுக்குப் பேர்தான் நிர்வாகம்" என்றார் பெரிய ஐயா. எது எங்கே இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. அது அவர் வேலை இல்லை.

கொஞ்ச நாளில் ஐயாவின் பிறந்தநாள் வந்தது. என்ன பரிசு கொடுப்பது என்று ஊழியர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில், கம்ப்யூட்டர் திரையின் பின்னணியில் ஐயாவின் படத்தையே போட்டுவிடுவது என்று முடிவாயிற்று. தோள்வரை தெரிகிற படம், திரை முழுக்க. போட்டார்கள். கைதட்டினார்கள். தட்டின கை பாதியில் நின்றது. படம் பின்னால் இருக்கிறது, கோப்புகள் முன்னால் இருக்கின்றன. ஐயாவின் முகம் முழுக்கக் கோப்பு. பார்ப்பதற்கு அம்மை போட்டவர் மாதிரி இருந்தார்.

"சேச்சே, கண்றாவியா இருக்கு. முகத்துல இருக்கிறதையாவது எடுங்க" என்றார் முத்திரை குத்துகிற அம்மா.

எடுப்பதென்றால் மவுஸ் அம்பை அந்தக் கோப்பின்மேல் வைத்து அமுக்கி, பிடித்து இழுக்க வேண்டும். திரைக்காரர் நெற்றியில் ஆரம்பித்தார். நெற்றியைத் தொட்டால் காய்ச்சல் பார்த்த மாதிரி, தப்பில்லை. கன்னத்தைத் தொட்டால் பாசம். மூக்குக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. சளி துடைத்துவிட்டதாக வைத்துக்கொள்ளலாம் என்று முத்திரை அம்மா வழி சொன்னார். எல்லாவற்றையும் இழுத்து ஐயாவின் தோளில் ஏற்றினார்கள். கண்ணுக்கு வந்ததும் திரைக்காரரின் கை நின்றுவிட்டது.

"ஐயா கண்ணுல குத்தச் சொல்றீங்களா?"

அப்படி யாரும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள். அந்த இடத்தில் ஒரு விதி பிறந்தது. அதை யாரும் எழுதவில்லை, யாரும் கையெழுத்துப் போடவில்லை. அப்படிப்பட்ட விதியைத்தான் யாராலும் ரத்து செய்ய முடியாது.

இஸ்திரிக்காரரின் கோப்பு ஐயாவின் இடது கண்ணில் மாட்டிக்கொண்டது.

அவர் கதை சின்னது. அவருடைய இஸ்திரிக் கடைக்குப் பக்கத்தில் ஒரு மெத்தைக் கடை. மெத்தைக்காரர் யாரையும் கேட்காமல் கொள்ளாமல் பின்சுவரை இடித்துப் பின்தெருப் பக்கம் ஒரு வாசல் வைத்தார். கடையை மூடி சீல் வைக்க அலுவலகத்து ஆட்கள் வந்தபோது, அவர் கடையைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டே போயிருந்தார். ஏற்கெனவே மூடியிருக்கிற கடையை எப்படி மூடுவது? வந்தவர்கள் திகைத்துப்போனார்கள். சுற்றிப் பார்த்தார்கள். பக்கத்தில் ஒரு கடை திறந்திருந்தது. அதை மூடினார்கள்.

"நான் என்னய்யா செஞ்சேன்?" என்று இஸ்திரிக்காரர் தெருவில் நின்று கத்தினார்.

"நீங்க திறந்து வச்சிருந்தீங்க" என்று பதில் வந்தது.

இஸ்திரிப் பெட்டி உள்ளே. மேசை உள்ளே. தெருவில் பாதிப் பேருடைய சட்டையும் பேன்ட்டும் உள்ளே. பேண்டு வாத்தியக் குழுவின் சிவப்புக் கோட்டுகள், பித்தளைப் பொத்தானோடு, ஒன்றுகூடப் பாக்கியில்லாமல் உள்ளே. நாயாய் அலைந்து, நடந்தது தவறுதான் என்று அலுவலகத்தை இஸ்திரிக்காரர் ஒப்புக்கொள்ள வைத்துவிட்டார். கடையைத் திறந்துவிடச் சொல்லி ஆணையும் தயாரானது. பெரிய ஐயாவே கம்ப்யூட்டரில் ஒப்புதல் கொடுத்துவிட்டார். அச்செடுத்துக் கையில் கொடுத்தால் சீலை உடைத்துவிடலாம். அந்த நேரம் பார்த்துத்தான் ஐயா முகாமுக்குப் போனார்.

அன்றிலிருந்து இஸ்திரிக்காரருக்கு வீட்டிலும் நிம்மதி இல்லை, தெருவிலும் இல்லை. பேண்டு மாஸ்டர் வழி மறித்தார்.

"அண்ணே, நேத்து ஒரு கல்யாணத்துல பனியனோட நின்னு ஊதினோம். மேடை கட்ட வந்தவங்கன்னு நினைச்சு எங்க கையில ஏணியைக் கொடுத்துட்டாங்க."

"ஏன்டா, வாயில கிளாரினெட்டு இருந்துச்சே, தெரியலையாமா?"

"அதைத்தான் ஆணி அடிக்கக் கேட்டாங்க."

வீட்டில் மனைவி வேறு. "வாசல்ல வந்து துணியைக் கேக்கறவங்களுக்கு நான் என்னங்க பதில் சொல்றது? ஐயா கண்ணுல இருக்குன்னா சொல்றது? எனக்குப் பைத்தியம்னு நினைக்க மாட்டாங்க?"

"உனக்கில்ல, ஊருக்கே பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு இஸ்திரிக்காரர் மறுபடி அலுவலகத்துக்கு நடந்தார். கசங்கின சட்டையோடுதான். அவருடைய நல்ல சட்டைகளும் கடைக்குள்தான் இருந்தன.

திரைக்காரர் அவரைக் கண்டதும் திரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"பெரியவரே, உங்க ஃபைல் எங்கேயும் போயிடல. பத்திரமா இருக்கு. இதோ, இமைக்குக் கீழ. நீங்களே பாருங்க."

"பாத்து என்ன சார் பண்றது? திறங்க."

"எப்படித் திறக்கறது? ஐயா கண்ணுல குத்தவா?"

"படம்தானே சார் அது!"

"உங்க அப்பா படத்தைக் கொண்டு வாங்க. நான் கண்ணுல குத்தறேன். சும்மா இருப்பீங்களா?"

இஸ்திரிக்காரருக்கு அப்பா மேல் பெரிய அபிப்பிராயம் எதுவும் கிடையாது. இருந்தாலும் கண்ணில் குத்துவது என்றதும் ஒரு மாதிரி இருந்தது. வேறு பக்கம் திரும்பினார்.

"சரி, கம்ப்யூட்டர்ல பேரை அடிச்சுத் தேடினா தானா வரும்னு என் மச்சான் சொன்னானே."

திரைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மெதுவாப் பேசுங்க. தேடறதை ஐயா ஒழிச்சுட்டாரு. தேடினா, கோப்பு உடனே கிடைக்கலேன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். விரைவு அணுகல் இருக்கிற ஆபீசுல தேடலாமா?"

"அப்ப படத்தை எடுத்துட்டு வேற படம் போடுங்க."

"போடலாம். வேற படத்துலயும் ஐயாவுக்குக் கண்ணு இருக்குமே."

"கண்ணை மூடிக்கிட்டு ஒரு படம் எடுக்கச் சொல்லுங்க."

"அதிகாரி ஆபீசுல கண்ணை மூடிக்கிட்டு இருக்கிற மாதிரி படமா? ஜனங்க என்ன நினைப்பாங்க?"

ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று இஸ்திரிக்காரர் வாய்வரை கொண்டுவந்துவிட்டு விழுங்கினார். அப்போதுதான் மேசைக்கு அடியில் திரைக்காரரின் பேன்ட்டைக் கவனித்தார். முட்டியில் பெரிய மசிக் கறை.

"சார், போன மாசமும் இதே பேன்ட்டுத்தானே போட்டிருந்தீங்க?"

"வேற என்ன செய்யறது?" திரைக்காரர் கறையைக் கையால் மூடிக்கொண்டார். "மத்ததெல்லாம் உங்க கடைக்குள்ளதானே இருக்கு."

"அடப்பாவி மனுஷா! ஒரு அமுக்கு அமுக்கினா உங்க பேன்ட்டும் வரும், என் பிழைப்பும் வரும்!"

"சொந்த பேன்ட்டுக்காக ஐயா கண்ணைக் குத்தினேன்னு பேர் வாங்கச் சொல்றீங்களா?" என்றார் திரைக்காரர். கடமை தவறாத மனிதர். அவரை மாதிரி பத்துப் பேர் இருந்தால் ஒரு நாட்டை எழுந்திருக்கவே விடமாட்டார்கள்.

வெளியே வந்த இஸ்திரிக்காரருக்கு ஒரு யோசனை தோன்றியது. கெட்ட யோசனைதான். ஆனால் நல்ல யோசனை எதுவும் அந்தக் கட்டடத்துக்குள் செல்லுபடியாகவில்லை. வாசலிலேயே காத்திருந்து, பெரிய ஐயா காரிலிருந்து இறங்கும்போது முன்னால் போய் நின்றார்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க முகவெட்டுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டா அப்படி ஒரு எடுப்பா இருக்கும்."

ஐயா நின்றார். கோப்பைப் பற்றி யார் எது சொன்னாலும் நிற்காத மனிதர், தன் முகத்தைப் பற்றிச் சொன்னதும் நின்றார். கார்க் கண்ணாடியில் ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார். அந்த வாரமே கறுப்புக் கண்ணாடி போட்டுப் புதுப் படம் எடுத்துக் கொடுத்தார். திரையில் ஏற்றினார்கள். இஸ்திரிக்காரர் கணக்குப் போட்டது, கண்ணை மறைத்தாயிற்று, இனிமேல் குத்தினால் கண்ணாடியில்தானே படும் என்று.

"இப்ப அமுக்குங்க சார்!"

திரைக்காரர் மவுஸில் கை வைத்தார். வைத்த கையை எடுத்தார்.

"ஐயா கண்ணாடியில விரல் ரேகை படியுமே."

"துடைச்சா போச்சு!"

"துடைக்கறதுன்னா கழட்டணும். கழட்டினா கண்ணு தெரியும். அதோட அது அவரு மாமனார் வாங்கிக் கொடுத்த கண்ணாடியாம். ஐயா வீட்டம்மா காதுக்குப் போச்சுன்னா ஐயாவுக்கு வீட்டுல சோறு கிடைக்காது."

நஷ்டம் அதோடு முடியவில்லை. பழைய படத்தில் கண் சின்னது. கண்ணாடியோ புருவத்திலிருந்து பாதிக் கன்னம்வரை. பிறகு புதிதாக வந்து கன்னத்தில் சுகமாக உட்கார்ந்திருந்த கோப்புகளெல்லாம் கண்ணாடிக்குள் போய்விட்டன. தண்ணீர்க் குழாய் கேட்டவர்கள், வீட்டு நம்பர் கேட்டவர்கள் எல்லாரும் ஒரே நாளில் இஸ்திரிக்காரரின் கதிக்கு வந்து சேர்ந்தார்கள். வந்தவர்கள் யாரும் அலுவலகத்தைத் திட்டவில்லை. "இந்த ஆள்தான் கண்ணாடி யோசனை சொன்னது" என்று அவரைத் திட்டினார்கள்.

ஐயா கண்ணாடி போட்டதும் முத்திரை அம்மா ஒன்று வாங்கினார். பிறகு காவலாளி. மரியாதைக்குத் திரைக்காரரும். ஒரு மாதத்தில் ஊரில் முக்கியமானவன் என்று தன்னை நினைத்துக்கொண்ட எவனும் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வாசல் தாண்டவில்லை. வங்கியில் பணம் எண்ணுகிறவர் கண்ணாடியோடு எண்ணினார். கண் டாக்டர் கண்ணாடியோடு கண் பார்த்தார். நகர அலுவலகத்தில் வெளிச்சம் போதவில்லை என்று விளக்குகளை இரட்டிப்பாக்கினார்கள். விளக்குக் கூசுகிறது என்று இன்னும் கறுப்பான கண்ணாடி வாங்கினார்கள். திரைக்காரருக்குத் திரையே தெரியாமல் போயிற்று. ஆனாலும் அவர் பழையபடி அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் இஸ்திரிக்காரர் வீடு திரும்பியபோது, மனைவி கல்யாணத்துக்குக் கட்டிய புடவையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கே கிளம்பிட்ட?"

"எங்கேயும் இல்ல. விக்கப் போறேன். அடுப்பு எரியணும்ல?"

அதற்குமேல் அவரால் பொறுக்க முடியவில்லை. காவலாளியைத் தள்ளிக்கொண்டு (கண்ணாடி போட்டிருந்ததால் காவலாளிக்கு யார் தள்ளியது என்று தெரியவில்லை) நேராகப் பெரிய ஐயாவின் அறைக்குள் போய், கண்ணீரும் கோபமுமாக எல்லாவற்றையும் கொட்டினார்.

ஐயா முழுசாகக் கேட்டார். அவர் முகத்தில் உண்மையான ஆச்சரியம்.

"என் கண்ணுல குத்தக் கூடாதுன்னு நான் எப்ப சொன்னேன்?"

ஊழியர்கள் எல்லாரும் வந்து கைகட்டி நின்றார்கள். ஐயா சொல்லவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். சொல்லாததைச் செய்வதுதானே விசுவாசம்.

"முட்டாள்தனம்! விரைவு அணுகல்னா என்னன்னு நான் காட்டறேன். நகருங்க!"

திரைக்காரரின் நாற்காலியில் ஐயாவே உட்கார்ந்தார். சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றினார். மவுஸைப் பிடித்தார். கூடம் முழுக்க மூச்சுவிடாமல் பார்த்தது. அம்பு காதிலிருந்து கிளம்பிக் கன்னத்தைத் தாண்டி இடது கண்ணை நோக்கி ஊர்ந்தது. கிட்டே போகப் போக, ஐயாவின் சொந்த இடது கண் படபடவென்று அடித்துக்கொண்டது. அம்பு கண்ணாடியைத் தொட்ட நிமிஷம், கண் இறுக மூடிக்கொண்டது. தண்ணீர் வழிந்தது.

"தூசி" என்றார் ஐயா.

இன்னொரு தடவை முயற்சி செய்தார். இந்தத் தடவை வலது கண்ணும் சேர்ந்து மூடியது.

"பாத்தீங்களா? நாங்க சும்மா சொல்லல" என்று முத்திரை அம்மா இஸ்திரிக்காரரை இடித்தார். வரிசையில் நின்ற ஜனங்களும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். ஒரு அம்மாள் தன் குழந்தையின் கண்ணைப் பொத்தினாள்.

ஐயா எழுந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதிகாரி தோற்றுப் போகலாம். தோற்றதாகத் தெரியக் கூடாது. "இதெல்லாம் பொதுமக்களோட கோப்பு. பொதுமக்களே எடுத்துக்கிறதுதான் முறை. இவரே அமுக்கட்டும்" என்று இஸ்திரிக்காரரைக் காட்டினார்.

இஸ்திரிக்காரர் வாழ்க்கையில் முதல்தடவையாக மவுஸைப் பிடித்தார். அலைந்த அலைச்சல், பேண்டு மாஸ்டரின் ஏணி, மனைவி மடித்த பை எல்லாவற்றையும் ஆள்காட்டி விரலுக்குக் கொண்டுவந்து, ஐயாவின் இடது கண்ணில் ஓங்கி ஒரு குத்து குத்தினார். பின்னால் நின்ற ஐயா, "ஆ!" என்றார்.

திரையில் ஒரு கோப்பு திறந்தது. அவருடையதில்லை. மேலே ஏறி உட்கார்ந்திருந்த எவளோ ஒருத்தியின் சாக்கடை அடைப்பு. அந்த அம்மாள் ஓவென்று அழுதுகொண்டே அச்செடுத்த தாளை வாங்கிக் கும்பிட்டாள். இரண்டாவது குத்தில் ஒருவருக்குத் தண்ணீர்க் குழாய். மூன்றாவதில் வீட்டு நம்பர்.

"அண்ணே, எனக்கு ஒண்ணு குத்துங்கண்ணே!"

"நான் காலையிலேருந்து நிக்கறேன்!"

"யோவ், வரிசையில வாங்கய்யா. அவரு ஒத்தை மனுஷன், எத்தனைதான் குத்துவாரு?"

மத்தியானத்துக்குள் அவருக்கு விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி வந்தது. தேநீர் வந்தது. திரைக்காரர் எழுந்து நின்று பேசினார். சாயங்காலத்துக்குள் ஆணையும் வந்தது: "அன்னார் பொதுநலன் கருதி, கோப்பு விடுவிப்பு உதவியாளராக மறு உத்தரவு வரும்வரை அமர்த்தப்படுகிறார்." வரிசையில் நின்றவர்கள் அண்ணே என்பதை விட்டுவிட்டு ஐயா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எப்போது மாறியது என்று அவரே கவனிக்கவில்லை. கூப்பிட்டதற்கு மட்டும் திரும்பினார்.

மறுநாள், ஒரு குத்துக்குப் பிறகு, அவருடைய கடையின் பேர் போட்ட கோப்பு மேலே வந்தது. விரலைத் தூக்கினார்.

"ஐயா, ஒரு நிமிஷம்" என்று திரைக்காரர் பணிவாகக் குறுக்கே வந்தார். "நீங்க இப்ப ஆபீஸ் ஆளு. சொந்தக் கோப்பைத் தானே தொடக் கூடாது. நாளைக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்லிட்டா?"

நேற்றைய இஸ்திரிக்காரராக இருந்தால் மவுஸைத் தூக்கி அவர் மண்டையில் போட்டிருப்பார். ஆனால் நாற்காலி வசதியாக இருந்தது. விசிறிக் காற்று பிடரியில் பட்டது. வரிசை பார்த்துக்கொண்டிருந்தது.

"அதுவும் நியாயம்தானே" என்று தன் வாய் சொல்வதை அவர் கேட்டார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. கோப்பை மெதுவாகப் பிடித்து இழுத்து, ஐயாவின் வலது கண்ணுக்குக் கொண்டுபோய் வைத்தார். வலது கண்ணுக்கு இன்னும் ஆள் போடவில்லை.

அப்போது வாசலில் சத்தம். பனியனோடு பேண்டு மாஸ்டரும், அவரோடு இஸ்திரிக்காரரின் மனைவியும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக மேசைக்கு வந்தார்கள்.

"என்னங்க, நீங்களே உள்ள உக்காந்திருக்கீங்களாமே! அப்ப கடை இன்னிக்கே திறந்துடும்ல?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வரிசையில வாம்மா. எல்லாரும் நிக்கறாங்கல்ல?"

மனைவிக்கு முகம் சிவந்தது. வாயைத் திறப்பதற்குள் பேண்டு மாஸ்டர் அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

"அக்கா, பகைச்சுக்காதீங்க" என்று காதில் சொன்னார். "நம்ம ஃபைல் இவரு கையிலதான் இருக்கு."

மனைவி புருஷனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு போய் வரிசையின் கடைசியில் நின்றார். முறை வந்ததும் கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "வணக்கம் ஐயா" என்றார்.

இஸ்திரிக்காரர் தலையை அசைத்து ஏற்றுக்கொண்டார்.